ஊறுகாய் அலமாரி

மெஸ்ஸை மூடி நாலு வருடம் கழித்துத்தான் எங்கள் வாட்ஸாப் குழுவுக்கு விஷயம் தெரிந்தது. வேலை விஷயமாக ஹைதராபாத் வந்த ஒருவர் கச்சிபௌலி வழியாக ஏர்போர்ட்டுக்குப் போகும்போது காரை நிறுத்திப் படம் எடுத்துப் போட்டார். யுனிவர்சிட்டியின் சின்ன கேட்டுக்கு எதிரே, மெஸ் இருந்த இடத்தில் பெரிய அடுக்குமாடி ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. படத்துக்குக் கீழே "போச்சு" என்று ஒரே ஒரு வார்த்தை. அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டார்கள்.

நியூ ஜெர்சியில் இருப்பவர் "அது மெஸ் இல்லை, என் அம்மாவின் அடுப்படி" என்று எழுதினார். ரசத்தில் புளி தூக்கல் என்று ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோன மகான் இவர்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானே சாட்சி. இன்னொருத்தி அங்கே வாழை இலையில் சாப்பிட்டதை நினைத்துக் கண் கலங்கினாள். எங்கள் மெஸ்ஸில் வாழை இலையே கிடையாது. குழி குழியாக இருக்கும் ஸ்டீல் தட்டுதான், அதுவும் பாதி ஈரத்தோடு வரும். மூன்றாமவர் அங்கே குடித்த ஃபில்டர் காபியைப் போல வாழ்க்கையில் வேறெங்கும் குடித்ததில்லையாம். காபியும் கிடையாது. சாப்பிட்டுவிட்டுப் பக்கத்து இரானி ஓட்டலில் டீ குடிப்போம். அந்த இரானி ஓட்டலும் மூடியாகிவிட்டது. அதைப் படம் எடுத்துப் போட ஆள் வராததால் அதற்கு இன்னும் யாரும் அழவில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. படிப்பு முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடியவர்கள் எல்லாம் இன்று மூக்கைச் சிந்துகிறார்கள். இந்த ஊரிலேயே தங்கி, வேலை பார்த்து, தெலுங்கில் பதில் சொல்லும் ஒரு பெண்ணைப் பெற்று வளர்த்துக்கொண்டிருப்பவள் குழுவில் நான் ஒருத்திதான். "கடைசி வரைக்கும் நான் போய்க்கொண்டுதான் இருந்தேன், அக்காவுக்கு என்னை நன்றாகத் தெரியும்" என்று எழுதினேன். கொஞ்சம் ஜம்பமாகவே எழுதினேன்.

உண்மை என்னவென்றால், மூடியதே எனக்கும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தெரியும். மெஸ்ஸிலிருந்து பத்து நிமிட நடையில் ஃப்ளாட் வாங்கிக் குடிவந்த பிறகு நான் அங்கே இரண்டு முறைதான் போனேன். ஒருமுறை பார்க்கிங் கிடைக்காமல் திரும்பி வந்துவிட்டேன். அதையும் சேர்த்துத்தான் இரண்டு.

மெஸ்ஸை நடத்திய அக்கா திருமுல்கேரிக்காரர். ராணுவக் குடியிருப்புகளை ஒட்டிய பழைய காலனி ஒன்றில் வீடு. வெள்ளைக்காரன் காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்த குடும்பம். தமிழ்தான் பேசுவார். ஆனால் அதில் தெலுங்கும் இந்துஸ்தானியும் சகஜமாகக் கலந்து வரும். ஏன் லேட்டு என்பதற்கு "கைக்குமா லேட்டு?" என்பார். சோறு வேண்டாமென்றால் "நக்கோவா?" என்று கேட்பார். ஆமாம் என்பதற்கு "ஹவ்". தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்திறங்கிய எங்களுக்கு அது பெரிய வேடிக்கை. ஹாஸ்டலுக்குத் திரும்பியதும் அவரைப் போலப் பேசிக் காட்டி விழுந்து விழுந்து சிரிப்போம். அவருடைய சாம்பாருக்கு நாங்கள் வைத்த பெயர் பப்புசாறு. தெலுங்குக்காரர்கள் பருப்பும் புளியுமாக வைக்கிற குழம்பு அது. நல்ல குழம்புதான், ஆனால் நாங்கள் அதைத் திட்டாகத்தான் சொன்னோம்.

அந்த மெஸ்ஸில் வேறெங்கும் இல்லாத வழக்கம் ஒன்று இருந்தது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போய் வருகிறவர்கள் வீட்டிலிருந்து ஊறுகாய் பாட்டில் கொண்டுவந்து மெஸ்ஸிலேயே வைத்துவிடுவோம். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் அதற்கென்று மூன்று தட்டுப் பலகை அடித்திருந்தது. பாட்டிலின் மேல் பிளாஸ்திரி ஒட்டி, ஆள் பெயர் இல்லாமல் ஊர்ப் பெயர் எழுதுவோம். நெல்லை மாவடு, தஞ்சாவூர் எலுமிச்சை, கோவைப் பருப்புப்பொடி. என்னுடையது திருச்சி, நார்த்தங்காய். உள்ளே வந்ததும் அவரவர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் உட்கார்வோம். கேட்காமல் அடுத்தவர் பாட்டிலைத் தொட்டால் ரகளைதான்.

குழு முழுக்க இப்போது தலையில் தூக்கி வைத்து ஆடியது இந்த அலமாரியைத்தான். "அன்னிய மண்ணில் நம் மண்ணின் வாசத்தை அக்கா பாதுகாத்தார்" என்று ஒருவர் கவிதையே எழுதிவிட்டார். ஆள் ஆளுக்குப் பேசி, கச்சிபௌலியில் ஒரு பெரிய ஓட்டலில் ஒன்றுகூடுவது என்று முடிவாயிற்று. அலமாரியை அப்படியே செய்து வைத்து, முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வது. அக்காவை மேடையேற்றி மரியாதை செய்வது. அவரை அழைத்து வரும் பொறுப்பு, அவருக்கு நன்றாகத் தெரிந்த எனக்கு.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அக்கா வரவில்லை என்றால்கூடச் சமாளித்துவிடலாம். "யாரும்மா நீ?" என்று கேட்டுவிட்டால்? இத்தனை நாளும் அவர்களை இளப்பமாகப் பார்த்ததற்கு என் கையில் இருந்த ஒரே உரிமை, நான் வேறு ரகம் என்பதுதான். அதை அக்கா உறுதி செய்ய வேண்டும் என்று எனக்குத் தவிப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருமுல்கேரிக்கு கேப் பிடித்துப் போனேன். கூடத்தில் தெலுங்கு சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். உடம்பு இளைத்திருந்தது, குரல் அப்படியேதான் இருந்தது.

"யாரும்மா? ரேஷன் கார்டுக்கா?"

மனசு ஒரு நிமிடம் விட்டுப்போயிற்று. யுனிவர்சிட்டி, மெஸ், இந்த வருடம், அந்த வருடம் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"நீ எந்த பாட்டில்?"

"திருச்சி அக்கா. நார்த்தங்காய்."

"ஹவ், ஹவ்! மஞ்ச மூடி. தொறக்க வராம எங்க வீட்டுக்காரர்கிட்ட குடுப்பியே, அதானே?"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பார்த்தீர்களா, அக்காவுக்கு என்னைத் தெரியும், என்று நியூ ஜெர்சிக்காரரிடம் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அக்கா டீ போட்டுக் கொடுத்தார். வந்த விஷயத்தைச் சொல்லி, ஓட்டலில் செய்யப்போகும் அலமாரியின் படத்தை போனில் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுல என்னோடது எங்கே?"

"என்னது அக்கா?"

"டேபிளுக்கு ஒரு வெள்ள ஜாடி வெச்சிருந்தேனே."

ஜாடி ஞாபகம் இருந்தது. எங்கள் பாட்டில்களைப் பரப்ப இடம் போதாமல் அதைத்தான் முதலில் சுவரோரம் தள்ளுவோம்.

"அதுல இன்னா இருந்துச்சு, சொல்லு பாப்போம்."

"உப்பா அக்கா?"

அவர் சிரித்துவிட்டார். பிறகு அவரைக்காயைக் கீழே வைத்தார்.

"புளிச்சகீரைத் தொக்கு. தினம் காத்தால எண்ணெயில வதக்கி, பூண்டு போட்டு, டேபிள் டேபிளா வெப்பேன். சாயந்தரம் ஜாடி போட்டது போட்டபடி திரும்பி வரும். வீட்டுக்கு எடுத்துக்கினு போய் நானும் எங்க வீட்டுக்காரரும் சாப்ட்டோம். பதினெட்டு வருஷம் அதான் சாப்ட்டோம்."

"அலமாரி நீங்களே அடிச்சுக் குடுத்தீங்களே அக்கா, எங்களுக்காக..."

"வேற இன்னா பண்றது? உங்க பாட்டில் எண்ணெய் வழிஞ்சு டேபிள் எல்லாம் பிசுக்கு. யாரு துடைக்கிறது? அதான் செவுத்துல பலகை அடிச்சேன்."

மண்ணின் வாசத்தைப் பாதுகாத்த கதை இவ்வளவுதான்.

"ஒருநாள் ஸ்பூன்ல எடுத்தாந்து உங்கிட்டதான் நீட்னேன்," என்றார் அக்கா. "பொம்பளப் புள்ளையாச்சே, ஒரு வாய் சாப்ட்டுப் பாக்கும்னு. நீ இன்னா சொன்னே, ஞாபகம் இருக்கா?"

இல்லை. துளிக்கூட இல்லை.

"'வேணாங்க்கா, எனக்குத் தமிழ் சாப்பாடுதான் இறங்கும்'னே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன். "எங்க தாத்தாவுக்குத் தாத்தா காலத்துலேர்ந்து வீட்டுல தமிழ்தான் பேசறோம். அப்போ நான் செஞ்சது எந்தச் சாப்பாடும்மா?" என்று கேட்டார். பதில் வேண்டும் என்று கேட்டது போலவே இருந்தது.

"சின்ன வயசு அக்கா, தெரியாம சொல்லியிருப்பேன்."

"ஹவ், சின்ன வயசுதான்," என்று ஒத்துக்கொண்டார்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஏதாவது செய்து சரிக்கட்டிவிட வேண்டும் என்று, "இப்போ கொஞ்சம் இருக்கா அக்கா? சாப்பிட்டுப் பாக்கறேன்" என்றேன். என் அசட்டுத்தனத்துக்கு அளவே இல்லை. இருபது வருடத்து அவமானத்தை ஒரு ஸ்பூனில் துடைத்துவிட்டு, சாயங்காலம் குழுவில் படம் போட்டிருப்பேனோ என்னவோ.

"மெஸ்ஸ மூடின அன்னிக்கே அத விட்டுட்டேன். எனக்கே சலிச்சுப் போச்சு. மூடினது நிம்மதிம்மா, நெஜமா சொல்றேன். இப்போதான் மத்தியானத்துல ஒரு மணி நேரம் படுக்கறேன்."

"விழாவுக்கு வாங்க அக்கா. எல்லாரும் உங்களப் பாக்கணும்னு இருக்காங்க."

"நக்கோ," என்றார். வாசல் வரை வந்து ஆட்டோ நிற்கும் இடத்தைக் காட்டிவிட்டு உள்ளே போனார்.

திரும்பி வரும் வழியெல்லாம் குழுவுக்கு எழுதிப் பார்த்தேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன். பாரடைஸ் சர்க்கிள் நெரிசலில் ஆட்டோ அரை மணி நேரம் நின்றது, அதில் இரண்டு முறை அழித்தேன். கடைசியில் "அக்காவுக்கு உடம்பு முடியவில்லை, எல்லாரையும் ரொம்ப விசாரித்தார்" என்று அனுப்பினேன். கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. அக்காவின் சார்பில் மரியாதையை நானே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள்.

விழாவில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். கடைசி நாள் வரை மெஸ்ஸைக் கைவிடாதவள் என்று அறிமுகம் செய்தார்கள். மைக்கைக் கையில் கொடுத்தபோது உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் எழுந்து நின்றேன். அவர் மேஜைக்கு மேஜை ஒரு தொக்கு வைத்தார். அதை நாம் ஒருவர்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. இரண்டே வாக்கியம். கேபில் வரும்போது மனப்பாடம் செய்திருந்தேன்.

"அக்கா டேபிளுக்கு டேபிள் ஒரு புளிச்சகீரைத் தொக்கு வைப்பாங்க..." என்று ஆரம்பித்தேன்.

அதற்குமேல் அவர்கள் என்னை விடவில்லை. "அடடா, அந்தத் தொக்கு!" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல். "பூண்டு வாசம் கேட் வரைக்கும் வருமே" என்று இன்னொருவர். வாழை இலைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரசத்தட்டைத் தள்ளியவர் எழுந்து நின்று, இரண்டாவது முறை சோறு வாங்குவதே அந்தத் தொக்குக்காகத்தான் என்றார். ஹால் முழுக்கக் கைதட்டல். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவரும் பொய் சொல்லவில்லை, அத்தனை பேருக்கும் நிஜமாகவே நாக்கு ஊறிக்கொண்டிருந்தது.

"ஆமாம், அந்த ருசி இனி வராது," என்று முடித்துவிட்டு நான் மேடையிலிருந்து இறங்கினேன்.