ஆரஞ்சு உரித்த கை

ஆர்மோனியம் நல்லகாமன் செத்து முழுசாக ஒரு வருசம் ஆகவில்லை. அதற்குள் அவருக்கு எத்தனை பெண்டாட்டி என்று செல்போனில் பஞ்சாயத்து ஆரம்பித்துவிட்டது. ஒரு வீடியோக்காரன் ரெண்டு என்றான். இன்னொருத்தன் மூன்று என்று அடித்துச் சொன்னான், மூன்றாவது யாரென்று மட்டும் சொல்லவில்லை. அவர் பிறந்தது வாடிப்பட்டியே இல்லை, திண்டுக்கல் என்று ஒரு கட்சி கிளம்பியது. உயிரோடு இருந்த காலத்தில் நாடக மேடையில் ஓரமாக உட்கார்ந்து பெட்டி வாசித்துப் பின்பாட்டுப் பாடிய மனிதர் அவர். ராஜா வேசம் கட்டியவனுக்குத்தான் மாலை விழும். செத்த பிறகு, அவரைப் பார்த்தே இராதவர்களுக்கெல்லாம் அவர் வீட்டு அடுப்படி வரைக்கும் தெரிந்திருந்தது.

இதில் ரெண்டாவது பெண்டாட்டி என்று பேர் வாங்கியவள் அன்னக்கொடி. மதுரையில் நாடக நடிகர் சங்கத்துக்குப் பக்கத்துச் சந்தில் இட்லிக்கடை வைத்திருப்பவள். அந்த வீடியோவை அவளிடம் காட்டியது வேறு யாருமில்லை, அவள் பெற்ற மகன் முத்துப்பாண்டி.

ஆவி பறக்கும் இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது அவன் போனை முகத்துக்கு நேரே நீட்டினான். பழைய படம் ஒன்று தெரிந்தது. நல்லகாமன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். மடியில் மொட்டை அடித்த பிள்ளை. ‘மறைக்கப்பட்ட மகன்’ என்று கீழே சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது.

“இது நான்தானம்மா?”

“நீதான்.”

“அப்ப இவங்க சொல்றது?”

அன்னக்கொடி தட்டைக் கவிழ்த்துத் துணியை உரித்தாள். “கடையில ஆளு நிக்கிது, அப்புறம் பேசுவம்” என்றாள். இல்லை என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த ஒரு மூச்சு அவளுக்கு வரவில்லை.

முத்துப்பாண்டி ரேடியோ செட் கடை வைத்திருக்கிறான். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை எல்லாவற்றுக்கும் மைக்கும் குழாய் ஸ்பீக்கரும் கட்டுகிற தொழில். வீடியோ வந்த மறுநாளிலிருந்து அவன் நடையே மாறிப்போனது. “அண்ணே, ரத்தத்துலயே ஓடுதுண்ணே” என்று எவனோ சொல்லிவைக்க, குழாய் கட்டுவதும் சங்கீதத்தில் சேர்த்தி என்று அவனும் நம்பத் தொடங்கினான். பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் அப்பா பேயாண்டி லாரி ஓட்டியவர். இவன் பள்ளிக்கூடம் சேரும் முன்பே ரோட்டில் போய்ச் சேர்ந்துவிட்டார். முகம்கூட நினைவில்லாத ஒரு லாரி டிரைவரையும், ஊரே பேசுகிற ஒரு கலைஞரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி எந்த அப்பன் வேண்டும் என்று கேட்டால், நாற்பது தாண்டியவனுக்கும் சபலம் தட்டத்தான் செய்யும்.

அன்னக்கொடிக்கும் சபலம்தான். அதை அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

டி. கல்லுப்பட்டிப் பக்கம் பிறந்து, கூடப்பிறந்தவன் என்று ஒருவனும் இல்லாமல் வளர்ந்து, பேயாண்டிக்கு வாக்கப்பட்டு மதுரைக்கு வந்தவள் அவள். புருசன் நாக்பூர் லோடு ஏற்றிப் போனால் திரும்பி வர நாளாகும். சும்மா கிடப்பானேன் என்று அடுப்பு மூட்டினாள். பங்குனி, சித்திரை வந்துவிட்டால் கிராமத்துக்குக் கிராமம் நாடகம் நடக்கும். விடிய விடிய ஆடிவிட்டு, முகத்தில் அரிதாரம் அரையும் குறையுமாக நடிகர்கள் முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். ராஜாக்கள் சட்னிக்குச் சண்டை போடுவார்கள். நல்லகாமன் மட்டும் ஓர பெஞ்சில் உட்கார்ந்து, இலை வரும் வரைக்கும் பலகையில் விரலை ஓட்டிக்கொண்டிருப்பார். சத்தம் வராத அந்தப் பாட்டு என்ன பாட்டு என்று அவளுக்கு மட்டும் தெரிந்தது.

ஒரு மழை நாளில் விறகு நனைந்து அடுப்பு பற்றவே இல்லை. ஊதி ஊதிக் கண் சிவந்து அவள் எழுந்தபோது, “பொறு அன்னம், அவசரமில்ல” என்றவர், பெட்டியைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தார். கடையில் வேறு ஆள் இல்லை. இட்லி வேகும் மட்டும் வாசித்தார். சாப்பிட்டார். போனார். ஊர் கண், காது, மூக்கு வைத்துப் பேசிய கதையில் நடந்தது அவ்வளவுதான். ஆனால் அன்னம் என்று அவளை அதுவரைக்கும் யாரும் கூப்பிட்டதில்லை. அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது. அவருக்கும் பிடித்திருந்தது. இதை இருவரும் வாய் திறந்து சொல்லிக்கொண்டதே இல்லை.

பேச்சு பேயாண்டியின் காதுக்கும் போனது. நாக்பூரிலிருந்து திரும்பியவர், வழக்கம்போல ஒரு சாக்கு ஆரஞ்சைக் கடை வாசலில் இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: “அந்தப் பெட்டிக்காரரு நல்ல மனுசனா?”

அன்னக்கொடி சாக்கின் கட்டை அவிழ்த்தாள். “நல்ல மனுசன்தான்” என்றாள்.

“சரி” என்றார் பேயாண்டி. அதோடு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஊர்ப் பேச்சுக்கு முடிச்சைப் போட்டது வாடிப்பட்டியில் இருந்த முருகம்மாள், நல்லகாமனின் சம்சாரம். முத்துப்பாண்டிக்குக் காது குத்த நாள் பார்த்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், இவளுக்கோ அண்ணன் தம்பி இல்லை, யார் மடியைத் தேடுவது என்று அன்னக்கொடி விழித்துக்கொண்டிருந்த சமயம் அந்த அம்மாள் இட்லிக்கடைக்கே வந்துவிட்டாள்.

“மாமன் இல்லேன்னு ஏன் கலங்குற? எங்க வீட்டுக்காரரு உக்காருவாரு. சீரு நாங்க கொண்டாரோம்” என்றாள். முகத்தில் கோபம் இல்லை. சிரிப்பும் இல்லை.

சொன்னபடியே செய்தாள். பேயாண்டியின் குலசாமி கோயிலில் கொட்டுமேளத்தோடு சீர்த்தட்டு வந்தது. முதல் தாம்பாளத்தை முருகம்மாளே தலையில் சுமந்து வந்தாள். தாய்மாமனுக்கு மாலை போட்டது பேயாண்டி. பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டபோது, ஊர் ஊராய்ப் பெட்டி வாசித்த அந்த விரல்கள் அதன் முதுகில் சத்தமில்லாமல் ஓடியதை அன்னக்கொடி பார்த்தாள். ஆசாரி காதைக் குத்தினார், பிள்ளை வீறிட்டது, எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு எடுத்த படம்தான் அது. வீடியோக்காரன் சுற்றிலும் வெட்டிவிட்டான். ஆசாரியும் போனார், தாம்பாளமும் போனது, மாலை போட்டுவிட்டுத் தள்ளி நின்ற பேயாண்டியும் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நல்லகாமன் அவளைத் “தங்கச்சி” என்றுதான் கூப்பிட்டார். பேயாண்டி இறந்ததும் பிள்ளையைக் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்தில் விட்டவர் அவர். தீபாவளிக்குத் துணி எடுத்து வந்தவள் முருகம்மாள். எந்தக் குறையும் வைக்கவில்லை இருவரும். அன்னம் என்ற பேர்தான் திரும்பி வரவே இல்லை.

இப்போது சொல்லுங்கள். வாழ்க்கையில் கிடைக்காத ஒன்றை ஊர் தானாக வந்து கையில் திணிக்கிறது. பொய்தான், இருந்தாலும் இனிக்கிறது. வேண்டாம் என்று உடனே தள்ளிவிட எத்தனை பேருக்கு மனசு வரும்?

நல்லகாமனின் மகள் பாண்டீஸ்வரி தல்லாகுளத்தில் கவர்மெண்டு ஆபீசில் வேலை பார்க்கிறாள். ஒரு மதியம் வண்டியைக் கடை வாசலில் நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

“அத்தை, சின்ன வயசுல உங்க மகனை எனக்கு மொறமாப்பிள்ளைன்னு எல்லாரும் கேலி பண்ணுவீங்க. இப்ப எனக்கு அண்ணன்ங்கிறாங்க. ஆபீசுல தலை காட்ட முடியல. அப்பாவோட வருச நினைவுக்குப் போஸ்டர் அடிக்கப் போறாங்க. மகன் முத்துப்பாண்டின்னு போடலாமான்னு சங்கத்துல கேக்குறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சிரும்.”

“நான் சொல்லி யாரு தாயி கேக்கப் போறா?”

“உங்க மகன் கேப்பாருல்ல?”

அன்னக்கொடி மாவுச் சட்டியைக் கிளறத் தொடங்கினாள். பாண்டீஸ்வரி, “எங்கம்மா ஒண்ணும் பேச மாட்டேங்கிறா, நீங்களும் பேச மாட்டேங்கிறீங்க. ரெண்டு பேரும் நல்லா இருங்க” என்று வண்டியை எடுத்தாள். ஒருவருக்கும் தைரியம் இல்லாததால் போஸ்டரில் ‘குடும்பத்தார்’ என்று மட்டும் அடித்தார்கள்.

வருச நினைவு நாளில் வாடிப்பட்டி வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். ரேடியோ செட் முத்துப்பாண்டியுடையது, காசு வாங்காமல் கட்டியிருந்தான். நல்லகாமன் படத்துக்குக் கீழே அவருடைய ஆர்மோனியப் பெட்டி, மேலே ஒரு மல்லிகைச் சரம். அன்னக்கொடி பெண்களோடு பின்வரிசையில் உட்கார்ந்தாள். போன வருசம் அவர் சாவுக்கு வந்தபோது “வந்துட்டா பாரு” என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டு, முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் திரும்பியவள். இன்றைக்காவது பார்க்கலாம் என்று படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடியோக்காரனும் வந்துவிட்டான். முத்துப்பாண்டியைப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, சட்டைப் பித்தானில் மைக்கைக் குத்தினான்.

“அண்ணே, அப்பாவைப் பத்தி உங்களுக்கு இருக்கிற முதல் ஞாபகம் என்ன?”

முத்துப்பாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டான். “ரொம்பச் சின்னப் பிள்ளையில... மடியில உக்கார வச்சு ஆரஞ்சு உரிச்சுக் குடுப்பாரு. சுளையில இருக்கிற வெள்ளை நாரு எல்லாத்தையும் ஒண்ணொண்ணா எடுத்துட்டு, விதையைப் பிதுக்கிட்டு, எம் வாயில வைப்பாரு. அப்ப இருந்த முகம் ஞாபகமில்ல. அந்தக் கை மட்டும் ஞாபகம் இருக்கு.”

அன்னக்கொடி படத்திலிருந்து கண்ணை எடுத்து மகனைப் பார்த்தாள். நாக்பூர் ஆரஞ்சு. ஸ்டியரிங் பிடித்துக் காய்ப்பேறிய கை. லாரியை விட்டு இறங்கியதும், குளிக்கக்கூடப் போகாமல், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நார் பிரிக்கும் அந்த மனுசன். உலகத்தில் பேயாண்டிக்கு மிச்சமிருந்தது மகனிடம் இருந்த அந்த ஒரு ஞாபகம்தான். அதையும் தூக்கி இன்னொருவர் படத்துக்கு முன்னால் வைக்கிறான் பிள்ளை. தான் வாயை மூடிக்கொண்டிருந்ததால்தானே இது?

“நிப்பாட்டுப்பா அதை” என்று எழுந்தாள். பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“ஏய் முத்து, அது ஒங்கப்பன்டா! பேயாண்டி! நாக்பூருல இருந்து சாக்குச் சாக்கா கொண்டாருவாரு, தெருவுல அம்புட்டுப் பேருக்கும் குடுப்பாரு. ஒனக்கு மட்டும்தான் உரிச்சுக் குடுப்பாரு. அந்தா படத்துல இருக்கிறவரு ஒன் தாய்மாமன். அவரு மடியில ஒனக்குக் காது குத்துச்சு. மாலை போட்டது ஒங்கப்பன். அந்தப் படத்துல இருந்து ஒங்கப்பனை வெட்டி எறிஞ்சிருக்கான் இந்தப் பய, நீயும் பல்லை இளிச்சுக்கிட்டு நிக்கிற!”

பித்தானில் குத்தியிருந்த மைக்கை முத்துப்பாண்டி மெதுவாகக் கழற்றினான். மைக்கை வீடியோக்காரன் கையில் வைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயர் பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டான்.

முருகம்மாள்தான் வந்து அன்னக்கொடியின் கையைப் பிடித்து அடுப்படிக்குக் கூட்டிப் போனாள். வயசில் முருகம்மாளுக்கு நடை தளர்ந்திருந்தது. சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அவள் குடித்து முடித்ததும் சொம்பைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

“ஒன்னய அவருக்குத் தங்கச்சியாக்குனது நான்தான். எம் மேல கோவமா இருக்கியா அன்னக்கொடி? இம்புட்டுக் காலமும் கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கு எனக்கு வேற வழி தெரியல.”

“எனக்கும் தெரியாமத்தான மதினி நின்னுக்கிட்டிருந்தேன்” என்றாள் அன்னக்கொடி. “நல்லவேளை, தாம்பாளத்தைத் தூக்கிக்கிட்டு நீ வந்த.”

இருவருக்கும் கண் கலங்கியது. பந்தலில் பந்தி போட ஆரம்பித்துவிட்டார்கள். பாண்டீஸ்வரி உள்ளே எட்டிப் பார்த்து, “அத்தை, வாங்க, சாப்பிட்டுட்டுப் போகலாம்” என்றாள். அன்னக்கொடி போய் உட்கார்ந்து நன்றாகவே சாப்பிட்டாள்.

சாயங்காலம் குழாய்களையெல்லாம் கழற்றி ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, முத்துப்பாண்டி அவளை வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மதுரைக்குத் திரும்பினான். அவனுக்கு வந்த பெருமையைத் தன் கையாலேயே பிடுங்கிவிட்டோமே என்று அவள் உள்ளுக்குள் கிடந்து தவித்தாள். வைகைப் பாலம் ஏறும்போது அவன் தலையைத் திருப்பாமலே கேட்டான்.

“அப்பா பாடுவாராம்மா?”

பேயாண்டியைப் பற்றி ஒரு கேள்வி யாரும் அவளிடம் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. அவளே தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

“பாடுவாரு” என்றாள். “கேக்கச் சகிக்காது.”

முத்துப்பாண்டி சிரித்துவிட்டான். பாலத்துக் காற்றில் அவள் அவன் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு, காதோரமாகக் குனிந்து, சத்தம் போட்டுச் சொல்ல ஆரம்பித்தாள்.