நாலு கட்டை சொக்கம்மா

வெள்ளத்துரை பாகவதரை நல்லவருன்னு சொல்றவன் எவனாவது இருந்தா என் முன்னாடி வரச் சொல்லு. தண்டையார்பேட்டையில மைக் செட்டு வாடகைக்கு வுட்டுகினு இருந்தவன் நான், ஹுமாயூன். ராயபுரம் கல்மண்டபத்துப் பக்கம் இருந்த சபாவுல எத்தினி கச்சேரிக்கு ஆம்ப்ளிஃபையர் பக்கத்துல குந்திகினு பாட்டு கேட்டிருப்பேன்! சொக்கம்மா அக்காவுக்கு அந்தாளு செஞ்சதை நெனைச்சா இன்னிக்கும் வயிறு எரியுது.

ரெண்டு பேரும் அக்காவோட நைனா கிட்டே ஒண்ணா பாட்டு கத்துக்கினவங்க. அக்கா குரலு மைக் இல்லாமலே தெருக்கோடி வரைக்கும் கேக்கும். காசிமேட்டு மீன்காரப் பொம்பளைங்க கூடையை எறக்கி வெச்சிட்டு நின்னு கேப்பாங்க. சபாவுல மொதல் எடம் அக்காவுக்கு, ரெண்டாவது எடம் அவருக்கு. அது அவருக்குப் பொறுக்கல.

நாப்பத்திரெண்டுல ஜப்பான்காரன் குண்டு போடப் போறான்னு மெட்ராஸே காலியாச்சே, அப்ப அக்காவும் மூட்டை கட்டிகினு செங்கல்பட்டுப் பக்கம் போச்சு. பயம் ஓஞ்சு திரும்பி வந்தா ஒரு சபாவும் கூப்பிடல. போய்க் கேட்டா, "ஒடம்பைப் பாத்துக்கோம்மா"ன்னு நழுவிட்டாங்க. தன் பாட்டு ஜனங்களுக்குச் சலிச்சிப் போச்சுன்னு நெனைச்சி அக்கா அழுதுச்சு. அப்பதான் நம்ம புண்ணியவான் வந்தாரு. "சும்மா இருக்காதே சொக்கம்மா, எம் பின்னாடி குந்தி தம்புரா போடு"ன்னாரு. அக்கா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுச்சு. பத்து வருசம் அந்த முதுகைப் பாத்துகினே மீட்டுச்சு.

அந்தப் பத்து வருசத்துல அவரு குரலு எறங்கிப் போச்சு. வெத்தலை, புகையிலை, பொடி எல்லாம் சேந்து வேலையைக் காட்டிடுச்சு. பேச்சு மட்டும் எறங்கல. "நான் நாலு கட்டைக்காரன்"னு பாக்கறவன் கிட்டேல்லாம் மாரைத் தட்டுவாரு. நாலு கட்டை சுருதி ஆம்பளைக்கு ரொம்ப ஒசரம். அவருக்கோ மூணு தாண்டினா தொண்டை கிழிஞ்சிடும். பிடில்காரரு வந்து "என்ன சுருதி?"ன்னு கேட்டா "நாலு"ம்பாரு. அவரு அப்பால போனதும் அக்கா மெதுவா, "மூணு வெச்சிக்கோங்க"ன்னு சொல்லும். தம்புராவையும் மூணுக்கே சேக்கும். அந்தாளு மானத்தைக் காப்பாத்திகினு இருந்தது இதுதான்.

அம்பத்திமூணுல அவருக்குப் பட்டம் குடுக்க அதே சபாவுல விழா வெச்சாங்க. காரியதரிசி கோதண்டம், துறைமுகத்துல குமாஸ்தா, இத்தினி வருசம் மாத்தலாகி வெளியூர்ல இருந்துட்டு அப்பதான் திரும்பி வந்து மறுபடி காரியதரிசி ஆனவரு, வாயில ஒண்ணும் தங்காத மனுசன். நான் ஒயர் இழுத்துகினு இருக்கேன், அவரு அக்கா கிட்டே வந்து, "தொண்டைப் புண்ணு இப்ப எப்பிடி கீது?"ன்னாரு.

"எனக்கு ஏது புண்ணு?"

"இன்னாம்மா இது, நீ ஊருக்குப் போனப்ப வெள்ளத்துரைதானே வந்து சொன்னாரு? இனிமே பாடினா ரத்தமா கக்குவா, கூப்பிட்டு அந்தப் பாவத்தைக் கட்டிக்காதீங்கன்னாரே. எல்லா சபாவுக்கும் அவரேதான் போய்ச் சொன்னாரு!"

அடப் பாவி! ஒயரைக் கீழே போட்டேன். "வாக்கா, இப்பவே அந்தாளு சட்டையைப் புடிக்கலாம்"னேன். அக்கா மூஞ்சி கல்லு மாதிரி இருந்துச்சு. தம்புராவை உறையிலேர்ந்து எடுத்துகினே, "நீ மைக்கைப் பாருடா தம்பி. இன்னிக்கு ஒண்ணு வுடாம எல்லாருக்கும் கேக்கணும்"னுச்சு.

தஞ்சாவூர்லேர்ந்து வந்த பிடில்காரரு சுருதி கேட்டாரு. "நாலு!"ன்னு சொல்லிட்டு பாகவதரு அங்கவஸ்திரத்தை ஒதறிகினு போயிட்டாரு. அக்கா வாயே தொறக்கல. தம்புராவை நாலுக்கு ஏத்துச்சு. பிடிலும் நாலு, மிருதங்கமும் நாலு.

மேடையில குந்தி சுருதியைக் கேட்டதுமே அவரு மூஞ்சி செத்துப் போச்சு. திரும்பிப் பாத்தாரு. அக்கா மோட்டுவளையைப் பாத்துகினு மீட்டுச்சு. மாரைத் தட்டின மனுசன் அத்தினி பேருக்கு முன்னாடி எறக்குன்னு எப்பிடிச் சொல்லுவாரு? முக்கி முனகி ரெண்டு பாட்டு தள்ளினாரு. மூணாவதுல மேலே போறப்ப குரலு பொளந்துகிச்சு. முன் வரிசையே தலையைக் குனிஞ்சிகிச்சு. மைக்கைக் கொறைன்னு எனக்குக் கை காட்டினாரு. ஏத்தி வுட்டேன். வேணும்னேதான்!

"சுருதியை எறக்குடி"ன்னு பல்லைக் கடிச்சாரு. மைக்கு அதையும் புடிச்சிகிச்சு.

"நாலு கட்டைன்னு நீங்கதானே அண்ணே சொன்னீங்க?"

சொல்லிட்டு, அவரு வுட்ட எடத்துலேர்ந்து அந்த வரியை அக்கா எடுத்துச்சு. பத்து வருசம் அடைஞ்சி கெடந்த குரலு, மொதல்ல கொஞ்சம் கரகரன்னு வந்துச்சு. அப்பால ஏறிச்சு பாரு, ஏறி மேல நின்னுச்சு. அசையல. சபாவே எந்திரிச்சிடுச்சு.

"எல்லாரும் பாத்துக்கினீங்களா? ரத்தம் வரல"ன்னுச்சு அக்கா. தம்புராவை அவரு மடியில சாத்திட்டு மேடையை வுட்டு எறங்கிடுச்சு.

மறுவாரம் பழத்தட்டோட அக்கா வூட்டு வாசல்ல வந்து நின்னாரு. நானும் அங்கதான் இருந்தேன். "சொக்கம்மா, ஒங்கப்பா மொகத்துக்காக மன்னிச்சிடு. ஒரு சபாவும் என்னைக் கூப்பிட மாட்டேங்குது. நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்"னு அழுதாரு. அக்கா உள்ளே சாதகம் பண்ணிகினு இருந்துச்சு. பாட்டை நிறுத்தல. நான் கதவைச் சாத்தப் போனேன், வேணாம்னு கையால சொல்லுச்சு. சுருதியை இன்னும் அரைக் கட்டை ஏத்திகினு, அவருக்கு நல்லா கேக்கட்டும்னு மொதல்லேர்ந்து பாட ஆரம்பிச்சிது.