அழகுமலை ஏறாத ஹெலிகாப்டர்

அழகுமலை அண்ணன் போனில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, உங்க ஹெலிகாப்டர் எத்தனை டன் வண்டி?"

"ஒண்ணரை டன்னுண்ணே" என்றேன். அங்கே பிடித்தது சனி.

ஹெலிகாப்டரை வாடகைக்குப் பேசிக் கொடுத்து, இறங்க இடம் பார்த்து, ஏறுகிறவர்களை எடை போட்டு அனுப்புவது என் தொழில். பெயர் உமேஷ். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவேன், கோபம் வந்தால் மதுரைத் தமிழ். இந்தத் தொழிலில் பெரும்பாலும் மதுரைத் தமிழ்தான்.

அழகுமலை மூட்டை தூக்கிப் பிழைத்து, பிறகு கீழமாரட் வீதியில் சொந்தமாக வெங்காய மண்டி வைத்தவர். லாரிக்காரர்கள் கணக்கில் ஒன்றரை டன் வண்டி என்றால் ஒன்றரை டன் சரக்கு ஏற்றலாம். எங்கள் கணக்கு அப்படி இல்லை. ஹெலிகாப்டரின் சொந்த எடை, எரிபொருள், ஓட்டுகிறவர், ஏறுகிறவர், மூட்டை முடிச்சு எல்லாம் சேர்த்து, தரையை விட்டுக் கிளம்ப அனுமதிக்கப்பட்ட எடை அது. அதை வைத்துத்தான் தரம் பிரிப்பார்கள். ஏறத்தாழ மூன்று டன்னுக்குள் அடங்கினால் இலகு ரகம். அதற்கு மேல் ஒன்பது, பத்து டன் வரை நடுத்தரம். அதையும் தாண்டினால் கனரகம், ஜீப்பையே தூக்கிக்கொண்டு பறக்கும். நாட்டுக்கு நாடு இந்த எல்லை கொஞ்சம் மாறும். எங்களுடையது இலகு ரகத்திலும் கடைக்குட்டி. இதை விளக்க வாயைத் திறந்தேன். "ஒண்ணரை டன் தாராளம் மாப்ள" என்று போனை வைத்துவிட்டார். சொல்லவிட்டால்தானே!

அவர் தங்கை நாகஜோதியைப் பேரையூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. அவள் மகள் ஆர்த்திகாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும், தாய்மாமன் சீரும் வர வேண்டும். ஆனால் நாகஜோதிக்கும் அழகுமலையின் மனைவி ராக்குவுக்கும் ஏழு வருஷமாகப் பேச்சு இல்லை. நாகஜோதியின் வளைகாப்புக்கு ராக்கு கட்டிக்கொண்டு போன ஏழு வகைச் சோற்றில் புளிச்சோறு வெயிலில் கெட்டுவிட்டது. மாமியார் வீட்டார் முகத்தைச் சுளிக்க, அந்த ஆத்திரத்தில் நாகஜோதி, "மதினிக்கு நான் வேண்டாதவ, அதான் ஊசுன சோறு" என்று சபையிலேயே சொல்லிவிட்டாள். பாவம் ராக்கு, விடியுமுன்னே எழுந்து சமைத்தவள். அன்றோடு அந்த வாசலை மிதிக்கவில்லை. சீரை வானத்திலிருந்து இறக்கினால் தங்கை வீட்டார் வாயும் அடையும், இரண்டு பெண்களும் சேர்ந்துவிடுவார்கள் என்பது அண்ணனின் கனவு. நான் சிரித்தேன்தான். ஆனாலும் அந்த ஆசை எனக்குப் பிடித்திருந்தது.

திருப்பரங்குன்றத்துக்கு அருகே ஒரு மைதானத்தில் ஹெலிகாப்டர் நின்றது. கெஞ்சிக் கூட்டி வந்த ராக்குவோடு அண்ணன் லோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். பித்தளைப் பாத்திரம், குத்துவிளக்கு, பட்டு, பழத்தட்டு, அரிசி மூட்டை, வாழைத்தார். போதாததற்கு மாலை போட்ட கிடா ஒன்று.

"என்னண்ணே, மண்டியவே பேத்துக் கொண்டாந்துட்டீக!"

"ஒண்ணரை டன்னுல இது எம்புட்டு மாப்ள?"

தலையில் அடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அன்றைய வெயிலுக்கு, ஓட்டுகிற கேப்டன் கணக்குப் போட்டார். சூடு ஏற ஏறக் காற்று லேசாகும், தூக்குகிற சக்தி குறையும். ஆளும் சாமானும் சேர்த்து இருநூற்றைம்பது கிலோதான் என்றார். கிடாவையும் மூட்டையையும் தாரையும் கழித்தேன். மிச்சச் சீர் நூற்றுத் தொண்ணூறு. ராக்கு நாற்பத்தாறு. அண்ணன் ஏறியதும் தராசு நூற்றுப் பதினெட்டைக் காட்டியது.

அண்ணன் முகம் சுண்டிப்போனது. "சீருல பாதிக்கு மேல எறக்கிரு மாப்ள."

அதுவரை வாய் திறக்காத ராக்கு முன்னால் வந்தாள். "சீரு கொறையக் கூடாது. அன்னைக்கு ஒரு சட்டி சோறு கெட்டதுக்கே ஏழு வருசம் பட்டாச்சு. நான் போறேன். நீ ரோட்டுல வா."

"நீ தனியாவா? அவ உன்கூடப் பேசமாட்டாளே புள்ள."

"பேசாட்டிப் போறா. சீரு போய்ச் சேரட்டும்."

தட்டுகளைப் பின் சீட்டில் வலை போட்டுக் கட்டினோம். ராக்கு கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹெலிகாப்டர் எழும்பியதும் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார்.

கிடாவோடு நானும் அவரும் லோடு ஆட்டோவில் விரட்டினோம். கால் மணி நேரத்தில் ராக்கு இறங்கிவிட்டதாகப் போன் வந்தது. நாங்களோ திருமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டிருந்தோம். நல்ல நேரம் போய்க்கொண்டே இருந்தது. "எம் பங்காளி எவன் மடியிலயாவது பிள்ளைய உக்கார வச்சிட்டா நான் என்னத்துக்குத் தாய்மாமன்?" என்று அண்ணன் கேட்டார்.

பந்தலுக்குள் நாங்கள் ஓடியபோது வாசலில் ஒரு பெரியவர், "கூரை ஏறிக் கோழி பிடிக்க மாட்டாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம்" என்று உரக்கச் சொன்னார். நான் திரும்பி முறைத்தேன். அண்ணன் காதில் அது விழவே இல்லை. அவர் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாய்மாமனுக்குப் போட்ட பாயில் ராக்கு சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஆர்த்திகா. காது குத்த வந்த ஆசாரி ஊசியோடு தள்ளி நின்றார். நடுவே நாகஜோதி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தன் மாமனாரிடம் கத்திக்கொண்டிருந்தாள்.

"நேரம் போனா போகுது மாமா! எங்க மதினி உசுரக் கையில பிடிச்சிக்கிட்டுப் பறந்து வந்திருக்காக. எறங்கையில அவுக கையப் பிடிச்சேன், ஐஸு மாதிரி இருந்துச்சு. எங்கண்ணன் வராம எம்பிள்ள காதுல ஊசி படாது!"

அண்ணனைப் பார்த்ததும் ராக்கு இடம் விட எழுந்தாள். நாகஜோதி அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

"நீங்க எந்திரிக்காதீங்க மதினி. அண்ணே, நீ பக்கத்துல உக்காரு. பிள்ள ரெண்டு பேரு மடியிலயும் இருக்கட்டும்."

ஊசி குத்தியதும் ஆர்த்திகா வீறிட்டாள். அவளைவிடச் சத்தமாக அழுதவர் அழகுமலை அண்ணன்தான்.