லோரிக்குப் போர்த்திய கம்பளி

எழுபத்தெட்டாம் வருஷம் ஆண்டியப்பனின் இடது காலுக்கு நிரந்தர ஓய்வு கிடைத்தது.

எஸ்டேட்டின் பழைய டிராக்டர் இருந்தவரை கிளட்சை மிதித்துச் சோறு போட்ட கால் அது. டிராக்டர் செத்ததும் முதுகில் மருந்து டின்னைக் கட்டிவிட்டார்கள். தேயிலைச் செடிக்கு அடித்த மருந்தில் பாதி ஆண்டியப்பனின் நெஞ்சுக்குள் போனதால், பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போது "இருக்கேன்" என்பதற்கு முன்னால் நாலு தடவை இருமுவான். அப்போதுதான் துரை எங்கோ ஏலத்தில் ஒரு டீசல் லோரியை எடுத்து வந்தார். கிளட்சு கிடையாது, கியர் தானே மாறிக்கொள்ளும். சேற்றில் மாட்டிய வண்டிகளை இழுக்கவும், கொழுந்து டிரெய்லரை மேட்டில் ஏற்றவும் இனி இதுதான் என்றார். மற்ற டிரைவர்கள் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, கால் ஊனமானவனுக்குச் செய்த வண்டி போலிருக்கிறது என்று நழுவிவிட்டார்கள். ஆண்டியப்பன் மருந்து டின்னை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தான். உட்கார்ந்த அன்றைக்கே இருமல் நின்றதாக அவனே சொல்லிக்கொண்டான்.

அப்புறம் லயத்து வீடுகளில் யாருக்கும் நிம்மதி இல்லை. சோற்றுக்கு உட்கார்ந்தாலும் லோரி, சாவு வீட்டுக்குப் போனாலும் லோரி. "அதுவா கியர் மாத்தும், நான் சும்மா துரை மாதிரி உக்காந்திருப்பேன்" என்பான். வேலை இல்லாத இடது கால் மட்டும் பழக்கதோஷத்தில் எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும்.

அவன் பெண்டாட்டி வேலாயி. கொழுந்து பறிப்பதில் கெட்டிக்காரி. பேச்சை மட்டும் ரேஷன் கடையில் அளப்பது போல அளந்து கொடுப்பாள். மார்கழிக் குளிரில் ஒருநாள் பழைய கம்பளி ஒன்றையும் கொழுந்துச் சாக்கையும் சேர்த்துத் தைத்து, ஓரத்துக்குத் தன் சிவப்புச் சேலைக் கரையைக் கிழித்து வைத்து, நாலு மூலையிலும் கயிறு கோத்து எடுத்து வந்தாள். லோரியின் மூக்கில், ரேடியேட்டருக்கு முன்னால் கட்டினாள்.

"குளிருது, பாவம்" என்றாள்.

யாருக்குக் குளிருகிறது என்று சொல்லவில்லை. ஆண்டியப்பன் அதைத் தனக்கே எழுதி வைத்துக்கொண்டான். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயிலிருந்து அவனுக்கு விழுந்த முதல் பாவம் அது. அன்றிலிருந்து இரவு பகல் அந்தக் கம்பளி லோரியின் முகத்தை விட்டு இறங்கவில்லை. கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிவப்புக் கரையோடு லோரி பக்கத்து மலையூர்களான ரிங்லெட்டுக்கும் பிரிஞ்சாங்குக்கும் போய் வந்தது.

அந்த வாரமே அதற்குக் காய்ச்சல் கண்டது. பாரத்தை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறினால் கியர்பெட்டியிலிருந்து தாளிப்பு கருகின வாசனை வரும். அப்புறம் இஞ்சின் கத்தும், வண்டி நகராது. கத்துவது மட்டும் வேலை செய்வது ஆகாது என்பதை ஆபீசில் கணக்கெழுதும் கிராணியைப் பார்த்தே தெரிந்துகொண்டவன் ஆண்டியப்பன். ஆனாலும் பயந்தான். டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தான். பானட்டில் விபூதி பூசினான். கியர்பெட்டியின் அடியில் படுத்து வாளித் தண்ணீரை ஊற்றி, பாதியைத் தன் மூஞ்சியிலேயே வாங்கிக்கொண்டான். பிரிஞ்சாங் டிரைவர்களின் கண்ணேறுதான் காரணம் என்று முடிவு கட்டினான்.

ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் ராஜநாயகம் எண்ணெய் அளக்கும் குச்சியை உருவி மோந்து பார்த்தான். எண்ணெய் கறுத்திருந்தது.

"அண்ணே, இந்தக் கியரு எண்ணெயிலதான் சுத்துது. பாரம் இழுத்தா எண்ணெய் கொதிக்கும். அது ஆறுறதுக்குன்னே முன்பக்கம் ஒரு கம்பி வலை இருக்கு, ரேடியேட்டர் பக்கத்துல. அதுல காத்து படணும். நீ அதுக்குக் கம்பளி போத்தி வச்சிருக்க."

"அதைத் தவிர வேற சொல்லுலா."

"வேற என்ன சொல்ல? மேட்டுல சின்ன கியர்ல போட்டு மெதுவா ஏறு. சூடு காட்டுற முள்ளு செவப்புக்குப் போனா ஓரங்கட்டு, நியூட்ரல்ல வச்சு லேசா ஆக்ஸிலேட்டர் குடு. எண்ணெய் ஓடி ஆறும். இஞ்சினை அமத்திடாத."

"சின்ன கியர்ல ஊர்றது இப்பதான் பழகுறவன் செய்யுற வேலை."

"அப்ப கம்பளியையாச்சும் கழட்டு."

"அது அவ தச்சது" என்றான் ஆண்டியப்பன், ஏதோ கவர்மெண்டு உத்தரவு மாதிரி.

புது எண்ணெய் ஊற்றினார்கள். அதுவும் கறுத்தது. லெம்பா பெர்த்தாம் தோட்டத்து முட்டைக்கோஸ் லோரி ஒன்றை இழுத்து வரும்போது நடு ரோட்டில் புகைந்து நின்றது. பின்னால் வந்த அத்தனை வண்டிக்காரர்களும் அவன் பரம்பரையை விசாரித்தார்கள். துரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்.

"இன்னொரு தடவ புகைஞ்சா லோரி ஏலத்துக்குப் போகும். நீ மருந்துக்குப் போ."

கிராணி அதைப் பக்கத்தில் நின்று இன்னொரு முறை அப்படியே சொன்னார். துரை தமிழில்தான் சொல்லியிருந்தார்.

வெளியே வந்த ஆண்டியப்பனுக்கு நெஞ்சில் பழைய இருமல் தட்டிப் பார்த்தது. கம்பளியின் முன்னால் நின்றான். ஒரு முடிச்சைத் தொட்டான். கொழுந்துக் கூடையோடு வேலாயி தூரத்தில் வருவதைப் பார்த்ததும், அந்த முடிச்சை இன்னும் இறுக்கிக் கட்டினான்.

மறுவாரம் ரிங்லெட்டிலிருந்து தேயிலை காயவைக்கும் புது இயந்திரத்தை டிரெய்லரில் இழுத்து வரவேண்டியிருந்தது. எஸ்டேட்டிலேயே கனமான பாரம். வேலாயியும் கூட வந்தாள். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும் வேலை அவளுக்கு ரிங்லெட்டில் இருந்தது. திரும்பும்போது வாயில் பஞ்சு, கன்னத்தில் வீக்கம். ரேஷன் கடையே அடைத்துவிட்டது.

முதல் மேடு தாண்டியது. இரண்டாவது மேட்டில் முள் எழுந்தது. வாசனை வந்தது. வேலாயி மூக்கைச் சுருக்கினாள். அவள் விரல் முள்ளைக் காட்டியது.

"அதுவா, அது மணி பாக்கறது" என்றான் ஆண்டியப்பன். வேர்வை அவன் மூக்கு நுனியில் தொங்கியது.

அவள் கதவுத் தாழ்ப்பாளைத் தட்டித் தட்டி வண்டியை நிறுத்த வைத்தாள். இறங்கி முன்னால் போனாள். கம்பளியில் கையை வைத்து, சுட்டதும் எடுத்தாள். பிறகு நாலு முடிச்சையும் பல் போன கோபத்தோடு அவிழ்த்தாள். பஞ்சை எடுத்து ரோட்டோரம் துப்பினாள்.

"காச்சல்ல கொதிக்கிறவனுக்கு யாராவது கம்பளி போத்துவாங்களா?"

"நீ தச்சதாச்சே."

"ராத்திரிக்குப் போத்தத்தான் தச்சேன். நீ பட்டப்பகல்ல மாட்டிக்கிட்டு ஊரெல்லாம் திரிஞ்ச. கழட்டுன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு."

"சொல்லியிருக்கலாம்ல?"

"அம்புட்டு சந்தோஷமா இருந்தியே. அதான் விட்டுட்டேன்."

இவ்வளவு பேசியதற்கு வாயெல்லாம் ரத்தம். மறுபடி பஞ்சை வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

ஆண்டியப்பன் ராஜநாயகம் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக, பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவன் மாதிரி செய்தான். நியூட்ரல். லேசாக ஆக்ஸிலேட்டர். இஞ்சினை அமர்த்தவில்லை. மலைக்காற்று இத்தனை நாள் கழித்து அந்தக் கம்பி வலைக்குள் புகுந்தது. முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. சின்ன கியரில் போட்டான். லோரி நத்தையாக ஏறியது. ஒரு முட்டைக்கோஸ் லோரி முந்திக்கொண்டு போக, அதிலிருந்து ஒருத்தன் எட்டிப் பார்த்தான்.

"என்னண்ணே, இப்பதான் பழகுறியா?"

"ஆமாலா" என்றான் ஆண்டியப்பன். சொல்லி முடித்ததும் பக்கத்தில் பார்த்தான். வீங்கிய கன்னம் ஒரு பக்கம் லேசாக ஏறி இறங்கியது. சிரிப்பா வலியா என்று கேட்கும் தைரியம் அவனுக்கு இல்லை.

புகையில்லாமல் பேக்டரி வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். துரை இயந்திரத்தைச் சுற்றி வந்து, தான் சொல்லி ஊற்றின புது எண்ணெயின் மகிமை இது என்றார். கிராணி தலையாட்டினார். அந்தத் தலை வேறெதற்கும் செய்யப்பட்டதல்ல.

சாயங்காலம் மூடுபனி இறங்கியதும் வேலாயி கம்பளியோடு வந்தாள்.

"இன்னும் சூடா இருக்கு, ஆறட்டும்" என்றான் ஆண்டியப்பன். லோரியைப் பற்றி அவளிடம் அவன் சொன்ன முதல் உண்மை அது.

அவள் லோரியின் படிக்கட்டில் உட்கார்ந்தாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். ஆறுகிற இரும்பு உள்ளே டிக் டிக்கென்றது. கம்பளி இரண்டு பேர் மடியிலும் கிடந்தது. அவனுடைய இடது கால் தானாக ஆட ஆரம்பித்தது. வேலாயி கையை நீட்டி அந்த முட்டியை அமுக்கிப் பிடித்தாள். லோரியின் முன்பக்கம் தொட்டுப் பார்க்கும் அளவுக்கு ஆறுகிறவரை அந்தக் கையை எடுக்கவில்லை.