பிரிக்காத பொட்டலம்

அந்த இரண்டாவது பொட்டலத்தை நான் ஏன் அங்கேயே பிரித்துப் பார்க்கவில்லை? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

விராலிமலை முருகனை நம்புகிற உங்களுக்கு இதை எழுதுகிறேன். என் கோபம் இன்னும் ஆறவில்லை. கோபத்தோடு சாமி காரியத்தை எழுதலாமா என்று நாலு முறை யோசித்தேன். ஆனாலும் அவன் எனக்குச் செய்ததை மறைக்க மனம் வரவில்லை.

எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டை. எனக்கு மூன்று வயதில் ஒரு மகள். திருச்சியில் முனைவர் பட்டம் முடித்தேன். செல்போனில் ஒரு செயலியைத் திறந்தால், நம் விவரங்களை எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கும் அல்லவா? ‘சம்மதம்’ என்பது பெரிதாக, பளிச்சென்று இருக்கும். ‘வேண்டாம்’ எங்கோ மூலையில் ஒளிந்திருக்கும். அப்படி வாங்குவது சம்மதமே இல்லை என்று வருடக்கணக்கில் உட்கார்ந்து எழுதியவள் நான்.

மாசி மாதம் பெங்களூரில் ஓர் ஆய்வு நிறுவனம் அறிவிப்பு வெளியிட்டது. முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி, இரண்டு வருடம், ஒரே ஓர் இடம். இணையத்தில் நம் அந்தரங்கம் எப்படிப் பறிபோகிறது, மனிதர்கள் கணினித் திரையோடு எப்படிப் பழகுகிறார்கள் என்று ஆராய வேண்டும். அப்படியே என் துறை. விண்ணப்பித்தேன். நேர்காணல் பட்டியலில் என் பெயர் வந்தது.

அத்தை, அதாவது என் மாமியார், சிரித்தார். “பட்டன் எங்கிட்டு இருக்குன்னு பாக்குறதுக்கா பெங்களூரு? நம்ம வீட்டு சுவிட்ச் போர்டுலயும்தான் எட்டுப் பட்டன் இருக்கு.”

மாமா சிரிக்கவில்லை. மாமா என்றால் என் மாமனார். நான் திருச்சிக்குப் போன நாட்களில் பாப்பாவைத் தோளில் போட்டுத் தூங்கவைத்தவர். அதட்டிப் பேசத் தெரியாதவர். “புள்ளையத் தூக்கிக்கிட்டு அம்புட்டுத் தூரம் போறதுன்னா, அத நாம முடிவு பண்ணப்படாது ஆத்தா. மலைக்குப் போயி பூக்கட்டிக் கேட்டுருவோம்” என்றார்.

பூக்கட்டிக் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஓர் இலையில் வெள்ளைப் பூ, இன்னோர் இலையில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒன்றுபோலக் கட்டி, சாமி முன்னால் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. எங்கள் வீட்டில் கூடுதலாக ஒன்று உண்டு. குழந்தை எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. கொண்டுவந்து கிணற்றில் போட்டுவிட வேண்டும்.

பொட்டலங்களை மாமாதான் கட்டினார். வெள்ளைக்கு நந்தியாவட்டை, சிவப்புக்கு அரளி. கிருத்திகை அன்று படியேறினோம். பாப்பா ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். சிவப்பு.

“அவரே வேணாங்குறாரு. நாம என்னாத்தா செய்ய?” என்றார் மாமா.

“சாமி சொன்னதுக்கு அப்பறம் என்னத்தப் பேசுறது? மெயிலப் போட்டுரு” என்றார் என் கணவர்.

இறங்கும்போதே, படியில் உட்கார்ந்து, அந்த ஆய்வை நடத்தும் பெங்களூர்ப் பேராசிரியருக்கு விலகல் கடிதம் அனுப்பினேன். நல்ல மருமகள் அல்லவா.

அடுத்த மூன்று நாட்களும் எனக்குச் சோறு இறங்கவில்லை. சாமி உத்தரவை மனதுக்குள் எதிர்க்கிறேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். நாலாம் நாள் விளக்கேற்றும்போது வாய்விட்டே கேட்டேன். “முருகா, நீ வேணாம்னா நான் ஏத்துக்கிறேன். ஆனா சொன்னது நீதானான்னு மட்டும் எனக்குக் காட்டிரு.” அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

மறுநாள் காலை இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். பாப்பா அடுப்படிக்கு ஓடி வந்தாள். “அம்மா, பூ!” கதவுக்குப் பின்னால் தொங்கிய மஞ்சப்பையை இழுத்துக் கொட்டியிருக்கிறாள். மலைக்குக் கொண்டுபோன பை. கிணற்றில் போட வேண்டியதை எல்லோருமே மறந்திருக்கிறோம். அவள் கையில் காய்ந்த வாழையிலை, அதற்குள் பூ.

அரளி.

வாடினாலும் அரளி எனக்குத் தெரியாதா? அந்தப் பொட்டலத்திலும் சிவப்பு. பாப்பா எதை எடுத்திருந்தாலும் எனக்குக் கிடைத்திருப்பது ஒரே பதில்தான்.

உடம்பெல்லாம் எரிந்தது. வேண்டாம் என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். சாமியை முன்னால் நிறுத்தி, என் பிள்ளையின் கையாலேயே என் வாயை அடைத்துவிட்டார்களே! நானும் பார்த்துக்கொண்டு நின்றேனே! ஊரார் செல்போனில் எந்தப் பட்டன் ஏமாற்றுகிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த எனக்கு, என் காலடியில் இருந்த பொட்டலம் தெரியவில்லை.

கணவரிடம் காட்டினேன். “அப்பா மறந்து கட்டியிருப்பாருடி” என்றார். என் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. “நான் போறேங்க. கேக்கல, சொல்றேன்” என்றேன். அவரிடம் அப்படிப் பேசியது அதுவே முதல் முறை.

பேராசிரியருக்குத் திரும்ப எழுதினேன். வெட்கமாக இருந்தது. மதியமே பதில் வந்தது: “உங்கள் பெயரை நான் இன்னும் நீக்கவில்லை. திங்கள்கிழமை இணையவழி நேர்காணலுக்கு வாருங்கள்.” முருகா என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நேர்காணல் கணினி வழியாக நடந்தது. சம்மதம் போலத் தோன்றி, சம்மதம் அல்லாத ஒன்றுக்கு உதாரணம் கேட்டார்கள். பெயர் சொல்லாமல் பூப்பொட்டலத்தைச் சொன்னேன். அந்த வாரமே வேலை கிடைத்தது. அந்தரங்கத்தைப் பற்றி ஆராய்கிறவள் வீட்டு விஷயத்தை வெளியே சொன்னது சரியா என்று இன்னும் உறுத்துகிறது.

ஒன்று மட்டும் உறுதி. மனதுக்குள் நான் சொன்ன ‘வேண்டாம்’ என்பதையும் முருகன் கேட்டான், ‘வேண்டும்’ என்பதையும் கேட்டான். மனிதர்கள் கட்டியதை அவன் பிரித்துக் காட்டினான். இப்போதெல்லாம் அவனிடம் பயந்து பேசுவதில்லை, நேராகக் கேட்கிறேன். உங்களுக்கும் மனம் எரிந்தால் அப்படியே போய்க் கேளுங்கள். கோபமாகவே கேளுங்கள். அவன் தாங்குவான்.

இப்போது எனக்கு உங்கள் யோசனை வேண்டும். அடுத்த மாதம் வேலையில் சேர வேண்டும். போவேன் என்று நான் பிடிவாதமாக நின்றதால் மாமா அதற்கு மேல் தடுக்கவில்லை. ஆனால் பாப்பாவை என்னோடு கூட்டிப்போவதா, இங்கே விட்டுப்போவதா என்று மறுபடி பூக்கட்டிக் கேட்கலாம் என்கிறார் மாமா. வெள்ளிக்கிழமை மலைக்குப் போகிறோம். அவருக்கு நான் பொட்டலத்தைப் பார்த்தது தெரியாது. சன்னதியில், எல்லோர் முன்னாலும், இரண்டையும் பிரிக்கச் சொல்லவா? சொன்னால், என் பிள்ளையைத் தோளில் வளர்த்தவரைத் தலைகுனிய வைத்தவள் ஆவேன். பேசாமல் இருந்தால் என் பிள்ளையை விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும். அனுபவப்பட்டவர்கள் யாராவது வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.