விழுப்புரத்தில் வண்டி மாறும் மருமகள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயத்தில், விழுப்புரம் ரயில் நிலையத்தில் நடந்தது இது. எங்கள் வீடு புதுச்சேரியில், உழவர்கரை பக்கம். எனக்கு வேலை செங்கல்பட்டில், ஒரு மருந்து கம்பெனியின் தரம் பார்க்கும் பிரிவில். தினமும் அவ்வளவு தூரமா என்று வாயைப் பிளப்பவர்களுக்கு என்னிடம் பதில் தயாராக இருக்கும். நான் படித்த வேதியியலுக்கு ஏற்ற வேலை அங்கேதான் கிடைத்தது. கிடைத்ததை விடுகிற ஆள் நானில்லை. பஸ்ஸில் ஏறினால் திண்டிவனம் வருவதற்குள் எனக்கு வயிற்றைப் புரட்டிவிடும், அதனால் ரயில்.

ரயிலில் எனக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, புதுச்சேரியிலிருந்து நேராகப் போகும் வண்டி. ஏறி உட்கார்ந்தால் செங்கல்பட்டில் கண்ணைத் திறக்கலாம். ஆனால் அது விடியும் முன்பே கிளம்பிவிடும், சாயங்காலம் அதிலேயே திரும்பினால் வீடு வந்து சேரும்போது தெருவே சாப்பிட்டு முடித்திருக்கும். இன்னொன்று, அதற்கப்புறம் கிளம்பும் விழுப்புரம் வண்டியில் போய், அங்கே தெற்கிலிருந்து வரும் வண்டிக்கு மாறுவது. இதில் ஓட வேண்டும். நம் வண்டி தாமதமானால் அந்த வண்டி நமக்காக நிற்காது.

நான் மாறும் வண்டியைத்தான் பிடித்தேன். காரணம் என் பெண். அப்போது அவளுக்கு மூன்று வயது. நேர் வண்டியில் போனால் அவள் தூங்கும்போது கிளம்பி, அவள் தூங்கிய பிறகு வருவேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கிற அம்மாவாக இருக்க எனக்கு இஷ்டமில்லை. மாறிப் போனால் காலையில் அவளுக்குத் தலை வாரி, இட்லி ஊட்டி, ரெண்டு வார்த்தை சண்டையும் போட்டுவிட்டுக் கிளம்பலாம். சாயங்காலம் அவள் முழித்திருக்கும்போதே வீட்டுக்குள் நுழையலாம்.

இதை வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. அதிலும் என் மாமியார். அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெரிய மார்க்கெட்டில் காய்கறிக் கடை போடுகிறவர். என் மாமனார் வேலை பார்த்த மில் மூடியபோது குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது அந்தக் கடைதான். விடியற்காலையில் முதல் ஆளாய் வீட்டை விட்டுக் கிளம்புவார். யாரிடமும் பேச்சில் தோற்க மாட்டார். நானும் அப்படித்தான் என்பதால் எங்கள் வீட்டில் தொலைக்காட்சி அதிகம் ஓடாது.

"நேரா போற வண்டிய வுட்டுட்டு, வருமோ வராதோங்கறத நம்பி ஓடுறியே. அரசன நம்பி புருசன கைவிட்ட கதையால்ல இருக்கு" என்பார். என் புருஷன் பத்திரமாகத்தான் தூங்கிக்கொண்டிருக்கிறார் என்று முணுமுணுத்தபடி நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

அத்தைக்குத் தெரியாதது ஒன்று உண்டு. விழுப்புரத்தில் வண்டி மாறுவது குருட்டு அதிர்ஷ்டம் இல்லை. அதற்கென்று சீசன் டிக்கெட்காரர்கள் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். தெற்கிலிருந்து வரும் வண்டியில் விருத்தாசலத்தில் ஒரு அக்கா ஏறுவார், செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. அவர் போனில், "பரிக்கல் தாண்டிட்டோம்" என்பார். நாங்கள் இந்தப் பக்கம், "வளவனூர்ல நிக்குறோம்" என்போம். அதை வைத்து நடக்கலாமா, ஓட வேண்டுமா, தலைதெறிக்க ஓட வேண்டுமா என்று முடிவு செய்வோம். அக்கா பெண்கள் பெட்டியில் எனக்கு ஒரு இடத்தில் தன் பையை வைத்துவிட்டு, கதவருகே வந்து நிற்பார். என் கைப்பையை முதலில் வாங்கிக்கொள்வார், பிறகு என்னை.

ஆனாலும் மழைக்காலம் யார் சொல்லையும் கேட்காது. ஐப்பசி பிறந்ததும் எங்கள் வண்டி அடிக்கடி தாமதமானது. ஒரு நாள் அந்த வண்டியைக் கோட்டைவிட்டேன். அலுவலகத்தில் மேலாளர் கூப்பிட்டு முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். வீட்டில் என் கணவர், "இன்னொரு தடவ வண்டிய வுட்டா, போக வர நேர் வண்டிதான். சரியா?" என்றார். நானும் வீறாப்பில் சரி என்று சொல்லிவிட்டேன். நம்மால் முடியாதா என்ற திமிர்தான்.

அடுத்த வாரமே விழுப்புரம் நிலையத்தில் நடைமேடைகளைக் கடக்கும் மேம்பாலத்தின் ஈரப் படியில் சறுக்கி விழுந்தேன். வண்டியைப் பிடித்துவிட்டேன், ஆனால் முட்டி கிழிந்துவிட்டது. வீட்டில் உண்மையைச் சொன்னால் அன்றோடு நேர் வண்டி என்று ஆகிவிடும். பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்றேன். அத்தை ஒன்றும் பேசாமல் காயத்தைக் கழுவி மருந்து போட்டார். அவர் ஒன்றும் பேசாமல் இருந்ததிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

இரண்டொரு நாள் கழித்து, அன்றும் மழை. எங்கள் வண்டி சின்னபாபுசமுத்திரத்தில் நின்றுவிட்டது. அக்கா போனில், விழுப்புரத்துக்குள் நுழைந்துகொண்டிருக்கிறோம் என்றார். இன்று விட்டால் காலையில் தலை வாருவதும் இட்லி ஊட்டுவதும் எல்லாம் போச்சு. எங்கள் வண்டி ஒருவழியாகக் கிளம்பி விழுப்புரம் வந்தபோது அந்த வண்டி எதிர்ப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. துப்பட்டாவை இடுப்பில் கட்டினேன். முட்டி வலி மறந்துபோனது. படியேறி, பாலத்தைக் கடந்து, அந்தப் பக்கம் இறங்கி ஓடினேன். அக்கா கையை நீட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. பையைக் கொடுத்துவிட்டு ஏறினேன். ஏறி, மூச்சு வாங்கியபடி திரும்பிப் பார்த்தால், பாலத்தின் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் அத்தை.

முதலில் நம்பவில்லை. மார்க்கெட்டில் இருக்க வேண்டியவர் இங்கே எப்படி? ஆனால் அந்த மாம்பழக் கலர் புடவை, இடுப்பில் செருகிய சுருக்குப்பை, அவரேதான். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலேயே வந்திருக்கிறார், என்னைப் போல ஓட முடியாமல் பாலத்திலேயே நின்றுவிட்டார் என்று தோன்றியது. வண்டி ஊத ஆரம்பித்துவிட்டது. இறங்கினால் வண்டி போய்விடும், என் காலை நேரமும் அதோடு போய்விடும். ஒரு காலைப் படியில் வைத்தேன். அத்தை பெரிதாகக் கையை ஆட்டினார். போ, போ என்று விரட்டுகிற ஆட்டல். வண்டி நகர்ந்தது. அக்கா என் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார்.

அன்று பயணம் முழுவதும் எனக்குக் கோபம்தான் வந்தது. வேவு பார்க்க வந்திருக்கிறார்! யார் என்ன சொல்லிக் கொடுத்தார்களோ! விழுப்புரத்தில் ஆண்கள் கூட நின்று டீ குடிக்கிறாள் என்று எவளாவது வத்தி வைத்திருப்பாளோ! இப்படிப் பொரிந்து தள்ளினேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கோவப்படு, வேணாங்கல. ஆனா அவங்க பத்திரமா வூட்டுக்குப் போயிட்டாங்களான்னு மொதல்ல கேளு" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தை தனியாக ரயில் ஏறி நான் பார்த்ததே இல்லை. அவர் போனுக்கு அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அது எப்போதுமே அப்படித்தான். சார்ஜ் வீணாகுமென்று, தான் பேச வேண்டும்போது மட்டும் உயிர் கொடுப்பார். வீட்டுக்கு அடித்தால் மாமனார், அவள் மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள், தெரியாதா என்றார். அவரைப் பயமுறுத்த மனம் வராமல் வைத்துவிட்டேன். கணவர் வேலை பார்க்கும் இடத்தில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

நேரத்துக்கு வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆனால் அன்று என்ன பார்த்தேன், என்ன எழுதினேன் என்று கேட்டால் தெரியாது. மதியம் மாமனாரைக் கூப்பிட்டேன், அத்தை வரவில்லை. மார்க்கெட்டிலிருந்து அவர் வழக்கமாகத் திரும்பும் நேரத்துக்கும் கூப்பிட்டேன், வரவில்லை. கோபமெல்லாம் கரைந்து பயம் மட்டும் மிஞ்சியது. ஈரப் படி. அந்தப் படியில் நானே விழுந்திருக்கிறேன். பெற்ற அம்மாவாக இருந்தால் அப்படி விட்டுவிட்டு வந்திருப்பேனா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

சாயங்கால வண்டி விழுப்புரத்தில் நிற்பதற்குள் கதவருகே வந்து நின்றேன். ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்பதா, போலீஸிடம் போவதா என்று யோசித்துக்கொண்டே பாலத்தைத் தாண்டி இறங்கினால், புதுச்சேரி வண்டி நிற்கும் நடைமேடையில் ஒரு பெஞ்சில் அத்தை சாவகாசமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் ரெண்டு கட்டைப்பை. ஒன்றில் முருங்கைக்கீரை எட்டிப் பார்த்தது. என் சீசன் கூட்டத்தைச் சேர்ந்த இரண்டு பெண்கள் ஏற்கெனவே அவர் எதிரில் நின்று கதை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் அத்தை இப்படிச் செய்தீர்கள், உங்களைப் பாதியில் விட்டுவிட்டேனே என்று தவித்துப்போனேனே என்றேன். அத்தை என்னை வினோதமாகப் பார்த்தார்.

"நீ எங்க வுட்ட? நான் அடுத்த பொட்டியில வந்தேன், டிக்கெட்டே விழுப்புரம் வரிக்கும்தான் எடுத்தேன். நீ எப்படி மாறுறன்னு பாக்க வந்தேன். பாலத்து மேல நின்னாத்தான் நல்லா தெரியுது."

அப்படியானால் அவர் ஓட முடியாமல் நிற்கவில்லை. வசதியான இடம் பார்த்து நின்றிருக்கிறார்! நான் நாள் முழுக்கச் செத்துப் பிழைத்தது வீண். சரி, பார்த்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதானே என்றேன். வரும்போதும் இப்படித்தான் ஓடிவருவேனா என்று பார்க்க வேண்டாமா என்றார். மீதி நேரத்தை விழுப்புரம் காய்கறிச் சந்தையில் கழித்திருக்கிறார். அங்கே விலையும் சரியில்லை, தராசும் சரியில்லை என்று ஒரு பாட்டம் திட்டினார்.

யார் என்ன சொன்னார்கள், திடீரென்று ஏன் சந்தேகம் என்று மெல்லக் கேட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றார். "நம்ம பாத்ரூம்ல வழவழன்னு டைல்ஸ் போட்டிருக்கு. ஒன் முட்டியிலேந்து ஜல்லிப் பொடியா எடுத்தேன் நானு. நீ எங்க வுழுந்து எழுந்து வர்றன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாலு பேர் பார்க்கிறார்கள், கண்ணைத் துடை என்று அத்தை அதட்டினார். இவ்வளவு தூரம் வந்து பார்த்துவிட்டார், ஈரப் படியில் நான் ஓடியதையும் பார்த்துவிட்டார், இனி வாதாட ஒன்றுமில்லை என்று எனக்குப் பட்டது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவரிடம் நானாகவே தோற்றுப்போனேன்.

"நாளைலேந்து நேர் வண்டியிலயே போறேன் அத்தை" என்றேன்.

அவர் டீ கிளாஸை ஓரமாக வைத்தார். பிறகு இரண்டாவது பையிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தார். உள்ளே வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. பள்ளிக்கூடத்தில் பையன்கள் விளையாட்டு வகுப்புக்குப் போடுவார்களே, அது. அடியில் நல்ல பட்டை பட்டையாகப் பல் இருந்தது.

"புள்ள காலைல யாருகிட்ட தலை வாரிக்கும்? எங்கிட்ட ஒக்காராது. நீ ஓடுறத பாத்தேன், நல்லாத்தான் ஓடுற. அந்தப் பொண்ணு ஒனக்காகக் கைய நீட்டிகினு நிக்கிறதயும் பாத்தேன். செருப்பு போட்டுகினு மட்டும் ஓடாத."

சுடிதாருக்கு அந்த ஷூ எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். மறுநாள் ரயிலில் பெண்கள் பெட்டியே சிரித்தது. விருத்தாசலம் அக்கா, ஒலிம்பிக்கிலிருந்து நேராக வருகிறாயா என்று கேட்டார். நான் அசரவில்லை. அந்த மழைக்காலம் முழுவதும் அதைப் போட்டுக்கொண்டுதான் ஓடினேன், ஒரு நாளும் வண்டியை விடவில்லை. அத்தையும் ஒன்றும் திருந்திவிடவில்லை. என் சாம்பாரில் புளி ஜாஸ்தி என்பது முதல் நான் பேசும் சத்தம் வரை இன்றும் சண்டைதான். ஆனால் யாராவது வீட்டுக்கு வந்து, ஏம்மா மருமகளை நேர் வண்டியில் அனுப்பக் கூடாதா என்று கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொள்வார். அவளுக்குத் தெரியும், உங்கள் வேலையைப் பாருங்கள் என்பார்.

என் பக்கம் ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் அதுவரை அவ்வளவு வேகமாக ஓடியிருக்கிறேன் போலிருக்கிறது. இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு, வண்டி தாமதமாகும் நாட்களில்கூட எனக்குப் பதற்றம் வருவதில்லை.