திம்மராயன் செத்துப்போன படம்

போன மாதம் எங்கள் மூக்கண்டப்பள்ளிக் கல்யாண மண்டபத்தில் குறும்படம் எடுக்கப் பயிற்சி முகாம் என்று ஒன்று நடந்தது. மாடியில் குடியிருக்கும் மதுரைப் பையன், கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து வந்து கைபேசியிலேயே படம் எடுக்கிறவன், "தாத்தா, நீங்களும் அந்தக் காலத்துல ஆர்ட்டிஸ்ட்டுதானே, வாங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனான். கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிட்டார்கள். என் பெயருக்குக் கீழே 'பங்கேற்பாளர்' என்று போட்டிருந்தது. இந்த வயதில் இனி எதில் பங்கேற்கப் போகிறேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

மத்தியானம் ஒரு பிணக் காட்சி. ஒரு பையனைத் தரையில் படுக்க வைத்து, கடையிலிருந்து அப்போதுதான் வாங்கி வந்த மல் துணியைப் பிரித்துப் போர்த்தினார்கள். அந்தக் கஞ்சி வாசனை நான் உட்கார்ந்திருந்த நாற்காலி வரைக்கும் வந்தது. காட்சி முடிந்ததும் பயிற்சியாளர், "ஓகே, சாப்பிடப் போலாம்" என்றார். எல்லோரும் போய்விட்டார்கள். பையன் மட்டும் துணியை விலக்காமல் கைபேசியைப் பார்த்துக்கொண்டு அப்படியே கிடந்தான். அவனை யாரும் எழுப்பவில்லை. பிரியாணி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் பிரியாணியை வேண்டாம் என்கிறேன் என்றால் விஷயம் பெரிது என்று என் மருமகளுக்குத் தெரியும். துருவித் துருவிக் கேட்டாள். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

புதுத் துணியின் கஞ்சி வாசனை என்றால் எனக்கு இரண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒன்று நாடகப் படுதா, மேடைக்குப் பின்னால் தொங்குகிற ஓவியத் திரை. ஐம்பதுகளில் ஓசூரில் நான் அதைத்தான் எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். அரண்மனை நன்றாக வரும், காடு சுமாராக வரும், குதிரை மட்டும் வரவே வராது. தேரை எதற்கு நாய் இழுக்கிறது என்று மேடைக்கு முன்னால் நின்று கேட்டவர்கள் உண்டு. இன்னொன்று கோடித் துணி, செத்தவர்மேல் போர்த்துகிற துணி. இந்த இரண்டு துணியும் எனக்கு ஒரே இடத்தில் வந்து சேர்ந்தது கிருஷ்ணகிரியில், நான் போன முதல் பயிற்சி முகாமில்.

அப்போதெல்லாம் இந்தப் பக்கம் முழுக்கச் சேலம் ஜில்லா. கோடை விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தைத் திறந்து, கூத்துக்காரர்கள், பொம்மலாட்டக்காரர்கள், டூரிங் டாக்கீஸில் ரீல் ஓட்டுகிறவர்கள், என்னைப் போன்ற படுதாக்காரர்கள் எல்லோரையும் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். கலைஞர்களுக்குப் புது முறைகளைச் சொல்லித்தர சர்க்கார் ஏற்பாடு. பாதிப் பேருக்குத் தெலுங்கு, கொஞ்சம் பேருக்குக் கன்னடம். சொற்பொழிவு மட்டும் மெட்ராஸ் தமிழில். புரிந்தாலும் புரியாவிட்டாலும் எல்லோரும் ஒன்றாகத் தலையாட்டினோம். மாம்பழக் காலம் வேறு. வகுப்பறைக்கு வெளியே கொட்டை கொட்டையாகத் தின்று போட்டதில், எங்கே உட்கார்ந்தாலும் ஈ.

மெட்ராஸிலிருந்து வந்தவரை எல்லோரும் சார் என்றுதான் கூப்பிட்டோம். படம் எடுக்கிறவர். மெலிந்த ஆள், நல்ல மனிதர், யார் எதைக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார். கேமராவைப் பார்க்கக் கூடாது என்பதுதான் அவருடைய முதல் பாடம்.

"ஜனங்களப் பாக்காம யாரப் பாத்துங்க சொல்றது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"எதிர்ல யாருமே இல்லைன்னு நினைச்சுக்கங்க."

"ஆளே இல்லாத எடத்துல பேசறவன ஊர்ல வேற பேரு சொல்லுவாங்க சார்."

சாரும் சேர்ந்து சிரித்துவிட்டார். அந்தக் குரல் திம்மராயனுடையது. ஊத்தங்கரைப் பக்கத்து ஜமாவில் கர்ணன் வேஷம் கட்டுகிறவன். ஜமா என்றால் கூத்துக் குழு. நல்ல உயரம், அகன்ற மார்பு, வாய் நிறையச் சிரிப்பு. ராத்திரி பாய் போட எனக்குப் பக்கத்து இடம் அவனுக்கு. என் குதிரைகளைக் கேள்விப்பட்டு, "ஒரு நாயி எழுதிக் காட்டுணா, குதிரையா வருதான்னு பாப்பம்" என்று வம்புக்கு இழுப்பான். அவனுடைய ஜமா வாத்தியாரும் முகாமுக்கு வந்திருந்தார். எதற்கும் சிரிக்காத மனிதர்.

அந்தக் கோடையில் ஆற்றோர ஊர்களில் வாந்திபேதி. ஊசி போடுகிறவர்கள் வந்தால் ஜனங்கள் கரும்புத் தோட்டத்துக்குள் ஓடி ஒளிந்துகொண்டார்கள். அதனால் முகாமின் முடிவில் எல்லோரும் சேர்ந்து ஊசியைப் பற்றி ஒரு சின்னப் படம் எடுப்பது என்று முடிவானது. கதை சுலபம். ஒருவன் ஊசி வேண்டாம் என்று சிரிக்கிறான், குட்டைத் தண்ணீரை அள்ளிக் குடிக்கிறான், செத்துப்போகிறான். திடகாத்திரமான ஆள் செத்தால்தான் ஜனங்களுக்கு உறைக்கும் என்று சார் திம்மராயனைத் தேர்ந்தெடுத்தார். எனக்கு எழுத்துப் பலகை எழுதுகிற வேலை. குதிரை இல்லாத வேலை என்பதால் சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூட வராந்தாவில் பாய் போட்டுத் திம்மராயனைப் படுக்க வைத்துக் கோடியைப் போர்த்தினார்கள். அழுவதற்கு ஜமாவில் பெண் வேஷம் கட்டுகிறவர் தயாராக இருந்தார். சாருக்குத் திருப்தியில்லை. அன்றைக்கென்று பார்த்து, திம்மராயனின் மனைவி முனியம்மா அவனுக்குக் களியும் துவையலும் கட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தாள். அவளை அழச் சொன்னார்கள். மாட்டேன் என்று தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வேசந்தான முனிம்மா, வா" என்றான் திம்மராயன், படுத்தபடியே.

"எனக்கு வேசமெல்லாம் தெரியாது மாமா."

கடைசியில் வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள். முதலில் குரலே வரவில்லை. வந்த பிறகு நிற்கவில்லை. ஒப்பாரி என்று ஆயிரம் கேட்டிருக்கிறேன், அதுபோல ஒன்றைக் கேட்டதில்லை. ஓர் ஈ வந்து திம்மராயனின் உதட்டில் உட்கார்ந்தது. அவன் அசையவில்லை. சார் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஈயை ஓட்டாதீங்க, அது இருக்கட்டும்" என்று மெல்லச் சொன்னார். கோடியை முகத்தின்மேல் இழுத்து மூடியதோடு படம் முடிந்தது.

அப்போது ஜமா வாத்தியார் ஒரு செம்புத் தண்ணீரும் கற்பூரமும் எடுத்துக்கொண்டு வந்தார். அவர்கள் வழக்கம் அது. கூத்துக் களத்தில் செத்து விழுந்தவன் தானாக எழுந்து போகக் கூடாது. வாத்தியார் முகத்தில் தண்ணீர் தெளித்து, கற்பூரம் சுற்றி, வேஷத்தின் பெயரைச் சொல்லாமல் அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவன் "வந்துட்டன்" என்று சொல்லி, கூடியிருக்கிற ஜனங்கள் பார்க்க எழுந்து நிற்க வேண்டும். எழுப்புவது என்பார்கள்.

"எழுப்பறதயும் படத்துல புடிச்சிருங்க ஐயா" என்றார் வாத்தியார்.

சார் பொறுமையாகத்தான் சொன்னார். "அவர் எழுந்துட்டா எவன் ஊசி போட்டுக்குவான்? படம் சாவோட முடிஞ்சாத்தான் பயம் வரும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கேமராவை மூடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். வாத்தியார் எங்கள் நாலைந்து பேர் முன்னால் திம்மராயனை எழுப்பினார். "வந்துட்டன்" என்று அவன் எழுந்து உட்கார்ந்து, உதட்டைத் துடைத்துக்கொண்டு ஒரு மாம்பழம் கேட்டான். முனியம்மா மட்டும் அவன் கையை விடவே இல்லை.

மழைக்காலம் முடிந்து படம் பெட்டியில் வந்தது. அதற்குள் எனக்கும் படம் காட்டுகிற சர்க்கார் வேனில் வேலை கிடைத்திருந்தது. திரைத்துணி கட்டுவது, மைக்கில் கத்துவது, அறிவிப்பு எழுதுவது எல்லாம் நான். ரீல் ஓட்டுவது அந்தோணி அண்ணன், கிருஷ்ணகிரிக்காரர், ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிடாதவர். முதல் ஆட்டத்தைத் திம்மராயன் ஊரிலேயே வைத்தோம். அவன் முனியம்மாவோடு முன்வரிசையில் உட்கார்ந்து, திரையில் தன்னைப் பார்த்துத் தானே சத்தம் போட்டுச் சிரித்தான். உதட்டில் ஈ உட்கார்ந்தது. கோடி மூடியது. விளக்கைப் போட்டேன். அவனைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் நகர்ந்து போயிருந்தார்கள். நடுவில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள்.

அந்த வருஷம் பாரதக் கூத்துக்குக் காப்புக் கட்டுகிற நாளில் வினை வந்தது. கூத்தாடுகிறவன் மணிக்கட்டில் கோயிலில் வைத்து மஞ்சள் கயிறு கட்டுவார்கள். அது இல்லாமல் யாரும் களத்தில் இறங்க முடியாது. திம்மராயனுக்குக் கட்ட ஊர்ப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

"நாந்தான எழுப்பினேன்? என் கையாலதான தண்ணி தெளிச்சேன்?" என்றார் வாத்தியார்.

"நீ எழுப்புனத நாங்க பாக்கலியே. அவன் செத்ததத்தான் பாத்தம்" என்றார்கள்.

அடுத்த ஊரிலும் அதே பேச்சு. படம் எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் அவனுக்குக் காப்பு இல்லை. கர்ணன் வேஷத்தை வேறொருவன் கட்டினான். கூத்தைத் தவிர வேறெதுவும் தெரியாதவன் திம்மராயன். எனக்கு அப்போது வந்த கோபத்துக்கு யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை. பெரியவர்களைத் திட்டலாம் என்றால், அவர்கள் நிஜமாகவே பயந்துபோயிருந்தார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் அவனே வேனைத் தேடி வந்தான். "ணா, படம் முடிஞ்சதும் நான் துணிக்கு முன்னாடி நின்னு ஒரு வார்த்த சொல்லிக்கறன்" என்றான். அந்தோணி அண்ணன் சரியென்றார். அதிலிருந்து ஊர் ஊராக எங்களோடு வந்தான். கோடி மூடியதும் திரைக்குப் பக்கத்திலிருந்து எழுந்து, தன் முகத்தில் தானே தண்ணீர் தெளித்துக்கொண்டு கும்பிடுவான். "நாந்தான் திம்மராயன். வந்துட்டன். எனக்கு ஒண்ணும் ஆவல" என்பான். ஜனங்கள் கைதட்டினார்கள். இரண்டொரு ஊரில் காப்புக் கட்டுவதைப் பற்றி யோசிக்கலாம் என்றுகூடச் சொன்னார்கள். அவன் பழையபடி என்னை வம்புக்கு இழுக்க ஆரம்பித்தான்.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டோரமாக ஓர் ஊர். வாந்திபேதி பக்கத்து ஊர்வரை வந்துவிட்டிருந்தது. படம் முடிந்ததும் அங்கேயே ஊசி போட, சுகாதார அதிகாரி மேஜை போட்டுக் காத்திருந்தார். படத்தைப் பார்த்துப் பயந்த ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வரிசைக்கு வந்தார்கள். அப்போது திம்மராயன் எழுந்து நின்று கும்பிட்டான்.

"ஊசி போடாதவந்தான எந்திரிச்சி நிக்கறான்? அப்பறம் நமக்கு மட்டும் எதுக்கு?" என்று கூட்டத்தில் யாரோ தெலுங்கில் கேட்டார்கள். வரிசை கலைந்துவிட்டது. அதிகாரி கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். ஒருவரும் திரும்பி வரவில்லை.

மறு வாரம் அதே வழியாகப் போனோம். நோய் கண்ட வீடுகளின் வாசலில் வேப்பிலை கட்டுவது வழக்கம். அந்தத் தெருவில் வேப்பிலை இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருந்தது. நாய்கூடக் குரைக்கவில்லை. வேனில் எங்களோடு அதிகாரியும் இருந்தார், திம்மராயனும் இருந்தான். அதிகாரி வெளியே பார்த்தபடி, "நீ செத்தே கெடந்தாத்தான்யா இவங்க பொழைப்பாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

ஊர் தாண்டியதும் திம்மராயன் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினான். "அவரு சொல்றது சரிதாணா. நான் கன்னடச் சீமைப் பக்கம் போயி ஏதாச்சும் வேல பாக்கறன். அங்க இந்தப் படம் வராது. முனிம்மா கிட்ட சொல்லிடு" என்றான். மேற்கே போகிற வண்டிப்பாதையில் நடந்தான். திரும்பிப் பார்ப்பான் என்று கொஞ்ச நேரம் நின்றேன். பார்க்கவில்லை.

அவனிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை. முனியம்மா எல்லைக்கு அந்தப் பக்கம் ஆனேக்கல் சந்தை வரைக்கும் தனியாகப் போய்த் தேடிவிட்டு வந்தாள். பிறகு ஊர் மணியக்காரரிடம் போய், நாலு பேரை அனுப்பித் தேடச் சொல்லிக் கேட்டாள். நானும் கூடப் போயிருந்தேன். அவர் அவளை உட்காரச் சொல்லி, மோர் கொடுக்கச் சொன்னார்.

"அம்மா, செத்தவன எங்க போயித் தேடறது? ஊரே பாத்துச்சி. நீதான தலமாட்டுல உக்காந்து அழுத?" என்றார்.

கிண்டலாகச் சொல்லவில்லை. அவ்வளவு பரிவாகச் சொன்னார். நான் விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார். உறவுக்காரப் பெண்கள் அவளிடம் பொட்டை அழித்துவிடச் சொன்னார்கள். அவள் அழிக்கவில்லை. யாரும் தேடப் போகவும் இல்லை.

அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் எங்கே படம் போட்டாலும் முனியம்மா நடந்து வந்துவிடுவாள். அவனுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அவன் சிரித்து, குட்டைத் தண்ணீரை அள்ளிக் குடிக்கிற வரைக்கும் பார்ப்பாள். அவனைப் பாயில் படுக்க வைக்கிற இடம் வந்ததும் எழுந்து போய்விடுவாள். அந்தப் படத்தைப் பார்த்து வேறு ஊர்களில் நிறையப் பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள், பிழைத்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். நோய் அடங்கியது. அடங்கியதும் ரீலை மெட்ராஸுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, ரசாயன உரத்தைப் பற்றி ஒரு படம் அனுப்பினார்கள். அன்றைக்கும் முனியம்மா வந்தாள். உரப் படத்தைக் கடைசிவரை பார்த்துவிட்டு வேனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்தோணிண்ணா, மாமா படம்?"

"திருப்பி அனுப்பிட்டம்மா."

"செத்தத போட வேணாண்ணா. தண்ணி குடிக்கறது மட்டும் போடு."

அந்தோணி அண்ணன் காலிப் பெட்டியைத் திறந்து காட்டினார். அவள் அதை எட்டிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ எழுதற ஆளுதானண்ணா, மாமா மொகத்த எழுதிக் குடு" என்றாள்.

இப்போது அந்த வேன் இல்லை, ஜமா இல்லை, வாந்திபேதிக்கு ஊர் காலியாகிற காலமும் இல்லை. அந்த ரீல் எந்தக் கிடங்கில் மக்கிப்போனதோ தெரியாது. முனியம்மாவும் போய்ச் சேர்ந்து நெடுநாளாகிறது. அவள் கேட்டதற்காக நான் எத்தனையோ தடவை காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்துப் பாயில் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தவன்தான். ஆனால் அந்தப் படத்தை அத்தனை ஊரில் அத்தனை தடவை பார்த்திருந்தேன். எப்படி எழுதினாலும் கண் மூடிய முகம்தான் வந்தது. கடைசியில், எனக்கு வரவில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.